மொழி வரைபடத்தில் தமிழ் ஏன் வாளையாற்றோடு நின்றுவிடுகிறது?

தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காட்டு எல்லை ஊரான வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இந்திய மொழிகளை வண்ணத்தில் காட்டும் வரைபடம் ஒன்றில் தமிழின் நிறம் வாளையாறு வந்ததும் கத்தியால் அறுத்ததுபோல் நின்றுவிடுகிறது, எங்கள் ஊரிலோ தெருவுக்குத் தெரு தமிழ்தான், அப்படியானால் அந்த வரைபடம் பொய்யா, இதில் அரசியல் இருக்கிறதா, எங்கள் பகுதியை, தமிழரைக் கேரளத்தில் ஏளனமாகக் குறிக்கும் 'பாண்டி' என்ற சொல்லால் எழுதிச் சுற்றில் விடும் கேலி வரைபடத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? மூன்று கேள்விகளாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே என்று நினைக்கிறேன். ஓர் இடத்துக்கு இன்ன நிறம் என்று யார், எதை எண்ணி, எந்த அளவுகோலில் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் அது.

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் புவியியல் ஆசிரியனாக இருந்தேன். படித்த காலத்தில் வரைபடவியல் எனக்குச் சிறப்புப் பாடம். 1991, 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் வீடு வீடாகப் போய் எழுதியவன். மொழியியலாளன் அல்லன், ஆகவே ஒரு பேச்சு தனி மொழியா, கிளைமொழியா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வரைபடம் எப்படி உருவாகிறது என்பதை மட்டும் உறுதியோடு சொல்ல முடியும்.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது போன்ற வரைபடங்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நீங்கள் கேட்காத கேள்வி ஒன்றுக்கு அவை சரியான விடை சொல்கின்றன. "இந்த ஊரில் என்ன பேசுகிறார்கள்" என்பது உங்கள் கேள்வி. "இந்த மாவட்டத்தில் மிகுதியானவர் தாய்மொழி என்று சொன்னது எது" என்பது வரைபடத்தின் கேள்வி. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கற்பனைக் கணக்கு ஒன்றால் காட்டலாம். ஒரு தாலுகாவில் பத்து ஊர்கள், ஊருக்கு 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே எல்லையை ஒட்டிய நான்கு ஊர்களில் 900 பேர் வீதம் தமிழ் பேசுகிறார்கள். மேற்கே ஆறு ஊர்களில் 100 பேர் வீதம். மொத்தம் 10,000 பேரில் தமிழ் பேசுவோர் 4,200. ஊர்வாரியாக வண்ணம் தீட்டினால் நான்கு ஊர்கள் தமிழின் நிறம் பெறும். தாலுகாவாரியாகத் தீட்டினால் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் இருந்தும் தாலுகா முழுவதும் மலையாளத்தின் நிறமாகிவிடும். மாவட்டவாரியாகத் தீட்டினாலோ அங்கே தமிழ் இருந்ததற்கான தடயமே இராது. எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. எண்களை வைக்கும் சட்டகம்தான் மாறியது. மாநிலம் என்ற சட்டகத்துக்குப் போனால், 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர், அதாவது மக்கள்தொகையில் சுமார் ஒன்றரை விழுக்காடு. அந்த ஐந்து லட்சம் பேர் மாநிலமெங்கும் சமமாகச் சிதறிக் கிடக்கவில்லை. பெருந்தொகையினர் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் தேயிலை மலைகளிலும் நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதை ஒன்றரை விழுக்காடு என்ற எண் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வண்ணம் நிலத்தின் மேல் பூசப்படுகிறது; மொழி மனிதர்களிடம் இருக்கிறது. இதற்குப் பறம்பிக்குளத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நம் முதலமடைப் பஞ்சாயத்துக்கு உட்பட்ட அந்தப் புலிகள் காப்பகம் ஏறத்தாழ 643 சதுர கிலோமீட்டர். மொழி வரைபடத்தில் அவ்வளவு பரப்பும் மலையாளத்தின் நிறம். அங்கே வாழ்பவர்களோ சிறு எண்ணிக்கையிலான காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடியினர். முதலமடையிலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் சாலை. அணைகள் கேரள மண்ணில் இருக்கின்றன. அவற்றை இயக்குவது பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாட்டு நீர்வளத் துறை. ஒரே காட்டுக்கு ஆட்சி வரைபடம் ஒரு பதில் சொல்கிறது, சாலை வரைபடம் வேறு பதில், நீர்ப்பாசன வரைபடம் மூன்றாவது பதில். மொழி வரைபடம் ஆட்சி வரைபடத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறது.

'பார்த்து எழுதுவது' என்று கேலிக்காகச் சொல்லவில்லை. அரசியல் உண்டா என்ற உங்கள் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று வந்தவை மொழிவாரி மாநிலங்கள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம், நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் வேலந்தாவளத்தில் சோதனைச்சாவடி நிற்கும் கோடு அப்போது மொழியைப் பார்த்துப் போட்ட கோடு அன்று. நம் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. கொச்சியின் மற்ற பகுதிகளோடு ஒட்டாமல், மலபாருக்கும் கோயம்புத்தூர் ஜில்லாவுக்கும் நடுவே தனித் துண்டாகக் கிடந்தது. கொச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் இடையிலான அந்தப் பழைய எல்லைதான் பெருமளவு அப்படியே இன்றைய மாநில எல்லையாகியிருக்கிறது. ராஜாவும் கும்பினியும் விட்டுச்சென்ற வரப்பின் மேல் பிற்காலத்தில் மொழியின் பெயர் எழுதப்பட்டது.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் மொழியைப் பார்க்கவே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரும் 1955இல் கொடுத்த அறிக்கையின் வழியில்தான் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. அங்குள்ள தமிழரில் பெரும்பகுதியினர் தோட்ட வேலைக்கு வந்தவர்கள், நிலைத்த குடிகள் அல்லர் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. யாரை எண்ணுவது, யாரை எண்ணாமல் விடுவது என்பது வரைபடம் போடுவதற்கு முன்பே முடிந்துவிட்ட முடிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. எண்ணும் அலகாக அந்த ஆணையம் பொதுவாக எடுத்துக்கொண்டது மாவட்டத்தை. சில இடங்களில் தாலுகா வரை இறங்கியது. கிராமம் வரை இறங்க விரும்பவில்லை.

இதே தமிழுக்கு வட எல்லையில் நடந்தது வேறு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, ம.பொ.சி. போன்றோர் போராடினார்கள், நடுவராக அமர்த்தப்பட்ட பட்டாஸ்கரிடம் தீர்ப்பு விடப்பட்டது. அவர் எடுத்துக்கொண்ட அலகு கிராமம். கிராமத்தில் எந்த மொழியினர் மிகுதி, அது பக்கத்து நிலப்பரப்போடு தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்து எல்லை திருத்தப்பட்டது. அதற்கான சட்டம் 1959இல் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணியும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு முதலிய ஊர்கள் ஆந்திரத்துக்குப் போயின. மேற்கு எல்லைக்கு ஓர் அளவுகோல், வடக்கு எல்லைக்கு வேறு அளவுகோல், இடையில் நான்கு ஆண்டுகூட முழுதாக இல்லை. கிராமம் என்ற அலகு நம் பக்கமும் எடுக்கப்பட்டிருந்தால் எருத்தேன்பதி, வடகரப்பதிப் பக்கத்து ஊர்கள் எங்கே போயிருக்கும் என்று டீக்கடையில் வாதாடலாம்; நடக்காததைப் பற்றி அதற்கு மேல் நான் சொல்வது முறையன்று. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். எல்லை போடும்வரை மொழிக் கணக்கைக் கொண்டு எல்லையைத் தேடினார்கள். போட்ட பிறகு எல்லையைக் கொண்டு மொழியைக் காட்டுகிறார்கள். உங்கள் வரைபடத்தில் நிறம் கத்தியால் அறுத்ததுபோல் நிற்பதன் காரணம் இதுதான்.

எண்ணும் வேலையை வாசற்படியிலிருந்தே பார்த்தவன் என்பதால் அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்மொழி என்றால் குழந்தைப் பருவத்தில் தாய் அந்த ஆளிடம் பேசிய மொழி என்பது கணக்கெடுப்பின் வரையறை. ஆளுக்கு ஒரு தாய்மொழிதான் எழுதலாம். அதற்கு மேல் தெரிந்த மொழிகளென்று இரண்டு. 2001இல் வண்ணாமடைப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டேன். எழுபது கடந்த அம்மா ஒருவர், "ஏனுங்க சார், ஊட்டுக்குள்ள தெலுங்கு, காட்டுல தமிழு, வில்லேஜ் ஆபீசுல மலையாளம், இதுல எதைங்க நீங்க எழுதுவீங்க?" என்று என்னையே கேட்டார். அவருடைய அம்மா அவரிடம் பேசியது தெலுங்கு. ஆகவே அவருக்குத் தெலுங்கு என்று எழுதினேன். மருமகள் உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். பேரப்பிள்ளைகளிடம் அவர் பேசியது தமிழ். பிள்ளைகளுக்குத் தமிழ் என்று எழுதினேன். ஒரே கூரையின் கீழ் இரண்டு தாய்மொழிகள், ஒரே அடுப்பு. அந்த வீட்டைக் கேரளத்தின் எந்த மாவட்டவாரி வரைபடத்தில் தேடினாலும் மூன்றாவது மொழியின் நிறத்தில்தான் இருக்கும்.

எழுதிக் கொடுத்த பிறகும் எண்கள் அப்படியே வெளிவருவதில்லை. 2011இல் மக்கள் சொன்ன பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து, இனம் பிரித்து, 1,369 தாய்மொழிகளாக்கி, மேலும் தொகுத்து 121 மொழிகளாக வெளியிட்டார்கள். நாடு முழுவதும் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழிகள் 1971 முதல் தனியே வெளியிடப்படுவதில்லை. காடர் பேச்சு போன்றவை கரைந்துபோவது இங்கேதான். எதிர்ப்பக்கம், ஐந்து கோடிப் பேர் சொன்ன போஜ்புரி இந்தியின் கணக்கில் போய்ச் சேர்கிறது. இந்தி என்ற தலைப்பின் கீழ் 2011இல் காட்டப்பட்ட ஏறத்தாழ 52.8 கோடிப் பேரில், தாய்மொழி 'இந்தி' என்றே சொன்னவர்கள் 32 கோடிப் பேர்தான். வரைபடத்தில் வடக்கே விரிந்து கிடக்கும் அந்த ஒற்றை நிறத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஐயத்துக்கு உரியவற்றுக்கு வருகிறேன். எல்லைப் பகுதிகளில் கணக்கெடுப்பாளர்கள் வேண்டுமென்றே மொழியை மாற்றி எழுதினார்கள் என்ற குற்றச்சாட்டை இரு பக்கத்தாரிடமும் கேட்டிருக்கிறேன். எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதிக்கு நான் பொறுப்பு. அங்கே அப்படி நடக்கவில்லை. மற்ற இடங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்து எழுத மாட்டேன். ஆனால் சொல்பவரே மாற்றிச் சொல்வது உண்டு. எண்ணிக்கைக்குப் பயன் இருப்பதே காரணம். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. தமிழ்வழி வகுப்பு தொடர்வதற்கும் தமிழ் தெரிந்த ஊழியரைக் கேட்பதற்கும் எண்ணிக்கை துணை. ஆகவே தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்று, "பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள், தமிழ் என்றே போடுங்கள்" என்றால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அது எவ்வளவு பரவலாக நடக்கிறது என்பதை மட்டும் என் அனுபவத்திலிருந்து அளந்து சொல்ல முடியாது.

மொழி வரைபடம் என்றாலே வண்ணம் பூச வேண்டும் என்பதும் இல்லை. பிரான்சில் ஜில்லியெரோன் என்ற மொழியறிஞர், எட்மோன் என்ற மளிகை வணிகரின் கூர்மையான காதை நம்பி அவரை ஊர் ஊராக அனுப்பினார். 639 இடங்களில் ஒவ்வொரு சொல்லையும் எப்படிச் சொல்கிறார்கள் என்று அவர் குறித்துவந்தவை 1902 முதல் 1910 வரை வரைபடங்களாக வெளிவந்தன. அவற்றில் நிறமில்லை, இடமும் அந்த இடத்தின் சொல்லும் மட்டுமே இருக்கும். எந்தச் சொல் எதுவரை போகிறது என்று கோடு போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு கோடு வரும். எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இடம் அரிது. நமக்கு அந்த வாய்ப்பு அன்று கிடைக்கவில்லை. கிரியர்சனின் புகழ்பெற்ற இந்திய மொழி அளவாய்வு சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் ஐதராபாத்திலும் களப்பணி செய்யவே இல்லை. திராவிட மொழிகளைப் பற்றிய அதன் தொகுதி பிற ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்டது. தெற்கைப் பற்றிப் பழைய வரைபடங்களை மேற்கோள் காட்டுவோர் இதைக் கவனிப்பதில்லை.

நம் ஊரில் அந்தச் சோதனையைச் செய்து பார்த்தால் சுவையாக இருக்கும். வீட்டு முறைப் பெயர்கள், அடுப்படிச் சொற்கள், மாட்டை அதட்டும் சொற்கள் எல்லாம் எல்லையைக் கண்டுகொள்ளாமல் பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை தாண்டி வருகின்றன. எல்லையில் சரியாக வந்து நிற்பவை அலுவலகச் சொற்கள். இரண்டு பக்கமும் தோப்பு வைத்திருக்கும் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, கிணத்துக்கடவுப் பக்கத்து நிலத்துக்குப் 'பத்திரம்' என்பார். இங்குள்ள நிலத்துக்கு 'ஆதாரம்' என்பார். அங்கே வரி கட்டுவார். இங்கே 'கரம் அடைப்பார்'. அவர் பேசுவது இரண்டு இடத்திலும் தமிழ்தான். மாநில எல்லை ஒன்று உண்மையிலேயே மொழிக்குள் ஓடுகிறதென்றால் அது ஓடும் இடம் இந்தப் பத்திரப் பைதான்.

வணிக வரைபடங்கள் இவற்றைவிட வெளிப்படையானவை, சில சமயம் இவற்றைவிடப் பழமையானவை. திரைப்பட விநியோகத்தில் வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றையும் சேர்த்து என்.எஸ்.சி. ஏரியா என்பார்கள்; ஆற்காட்டுப் பெயர்களில் இன்று மாவட்டமே கிடையாது. தெலுங்குப் படங்களுக்கு ராயலசீமை வட்டாரம் 'சீடெட்', அதாவது 1800இல் நிஜாம் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த ஜில்லாக்கள். ஆந்திரத்துச் சித்தூரும் அந்த ஏரியாவில்தான் வருகிறது. ஆனால் சித்தூர் நகரம் நிஜாம் விட்டுக்கொடுத்த நிலம் அன்று. 1911இல் தனி மாவட்டம் ஆகும்வரை அதுதான் வட ஆற்காட்டின் தலைநகரம். தொலைபேசி வட்டங்களும் அப்படியே: 2014இல் தெலங்கானா பிரிந்த பிறகும் ஆந்திர வட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, லட்சத்தீவும் மாகியும் கேரள வட்டம். வாசலில் ஒரு மாநிலத்தின் டவரும் கொல்லையில் இன்னொன்றும் கிடைத்த காலத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனபோது வந்த அழைப்புக்கு ரோமிங் கட்டணம் கட்டியவர்கள் நம்மில் பலர்.

கேலி வரைபடத்தைப் பற்றி: யாங்கோ ஸ்வெட்கோவ் என்ற பல்கேரியர் 2009 முதல் ஐரோப்பாவை ஒவ்வொரு நாட்டாரின் கண்ணிலும் எப்படித் தெரியும் என்று வரைந்து வெளியிட்டதிலிருந்து இந்த வகை பெருகியிருக்கிறது. அவருடையவற்றில் ஒரு நேர்மை உண்டு: யாருடைய கண் என்று தலைப்பிலேயே இருக்கும். நம்மிடையே சுற்றும் 'பாண்டி' வரைபடத்தில் அது இல்லை. இருந்திருந்தால் அந்தச் சொல் நகர்வது தெரிந்திருக்கும். திருச்சூர்க்காரருக்குப் பாலக்காடு தாண்டியதெல்லாம் பாண்டி. பாலக்காட்டு நகரத்தாருக்குச் சித்தூருக்குக் கிழக்கே. நம் ஊரில் சிலருக்கு வேலந்தாவளத்துக்கு அப்பால் வரும் லாரிதான் 'பாண்டி லோறி'. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனாலோ நாம் 'மலையாளத்துக்காரங்க'. வடக்கே தெலுங்கர் தமிழை 'அரவம்' என்று சொல்வதும், விந்தியத்துக்கு அப்பால் நம் எல்லோரையும் சேர்த்து 'மதராசி' என்பதும் இதே வகை. ஒருமுறை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெயர் எழுதாத வரைபடத்தைக் கொடுத்து, நம்மைப் போலப் பேசுகிறவர்கள் எதுவரை இருக்கிறார்கள் என்று கோடு போடச் சொன்னேன். மொழியியலில் இதற்கென்று ஒரு துறையே இருப்பதைப் பின்னால்தான் அறிந்தேன். பெரும்பாலோர் மாநில எல்லையைத் தொடவில்லை. கிழக்கே பொள்ளாச்சிக்குச் சற்று அப்பாலும் மேற்கே சித்தூர்ப் புழை அருகிலும் கோடு விழுந்தது. அவர்கள் பேருந்தில் போய்வரும் தூரம் அது. ஒரு வகுப்பறையில் பார்த்தது. இதை ஆய்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் பார்த்த வரைபடத்தின் மூலையில் சிறிய எழுத்தில் அலகு என்ன, ஆண்டு என்ன என்று இருக்கிறதா பாருங்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் புதிதாகத் தெரிவதும் 2011 கணக்காகவே இருக்கும். அலகு மாவட்டம் என்றிருந்தால் அதில் வேலந்தாவளத்தைத் தேடிப் பயனில்லை. நீங்களே வரைந்து பார்க்க விரும்பினால் தாலுகா அளவிலான தாய்மொழி அட்டவணையை எடுத்துக்கொண்டு, முழுத் தாலுகாவுக்கும் நிறம் பூசாமல், மொழிக்கு ஒரு வட்டம் வீதம் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் போடுங்கள். தமிழ் வட்டம் எல்லையின் இரு பக்கமும் தெரியும், அதன் பக்கத்தில் சின்னதாகத் தெலுங்கு வட்டமும் தெரியும். தேடும்போது ஒரு கவனம்: சித்தூர் என்று தட்டினால் முதலில் வந்து நிற்பது ஆந்திரத்து மாவட்டம். இரண்டுமே சிற்றூர் என்பதன் திரிபு என்பார்கள். என் மாணவன் ஒருவன் ஆண்டுத் தேர்வுக்கான வரைபடத்தில் நம் பள்ளியைத் திருப்பதிக்குத் தெற்கே குறித்திருக்கிறான்.